மண் கலையாமல் பெயர்த்து நட்ட கணினி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். கடையில் பத்து வருடப் பழைய கணினி ஒன்று இருக்கிறதாம், பில் போடும் மென்பொருள் அதில்தான் ஓடுகிறதாம், விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டதால் என்ன செய்வது என்று கேள்வி. பதில் எழுதியவர் இரண்டே வரியில் முடித்துவிட்டார்: வேண்டிய கோப்புகளைப் பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டு, பெட்டியைப் பழைய சாமான் வாங்குபவரிடம் போட்டுவிடுங்கள்.

அதைப் படித்து முடிப்பதற்குள் என் தேநீர் ஆறிவிட்டது. கோத்தகிரிக் குளிரில் அதற்கு அதிக நேரம் வேண்டாம்தான். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது உண்மை. அந்த இரண்டு வரியை நம்பி நானும் ஒருமுறை மாட்டிக்கொண்டவன். கோப்பை மட்டும் இல்லை, பழைய கணினியையே முழுதாகப் பெயர்த்துப் புதுக் கணினிக்குள் வைக்க ஒரு வழி உண்டு. அந்தக் கடைக்காரர் பெட்டியைத் தூக்கிப் போடுவதற்குள் இந்தக் கடிதம் அச்சேற வேண்டும் என்பதற்காக அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேயிலைக் கொள்முதல் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதியவன். சுற்றுக் கிராமத்துச் சிறு விவசாயிகள் பறித்துத் தரும் பச்சைத் தேயிலையை எடை போட்டு, ஈரத்துக்குக் கழிவு போட்டு, உர முன்பணத்தைப் பிடித்து, தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் விலையைப் பார்த்து மாதப் பட்டியல் போடுவது என் வேலை. முதலில் பேரேட்டில் எழுதினோம். 2004-இல் முதலாளி ஒரு கணினி வாங்கினார். பென்டியம் 4, 512 எம்பி நினைவகம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. கோவையிலிருந்து ஒருவர் வந்து தங்கி, விஷுவல் பேசிக்கில் எங்களுக்கென்றே ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தார். உறுப்பினர் எண்ணைத் தட்டினால் பெயர், ஊர், இன்றைய எடை, இம்மாத மொத்தம் எல்லாம் தமிழில் வரும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் சீட்டு கரகரவென்று இறங்கும். பதிமூன்று ஆண்டுகள் அது உழைத்தது.

2017 வடகிழக்குப் பருவமழையில் அது படுத்துவிட்டது. எங்கள் பக்கம் மழை என்றால் ஐப்பசி கார்த்திகைதான். மூடுபனி ஜன்னல் இடுக்கு வழியாக அலுவலகத்துக்குள்ளேயே வந்து உட்காரும். காலையில் பொத்தானை அழுத்தினால் மின்விசிறி சுற்றும், திரை வராது. பக்கத்து மூடியைக் கழற்றிப் பார்த்தால், மதர்போர்டில் வரிசையாக நிற்கும் கெபாசிட்டர்களில் நான்கின் தலை அப்பளம்போல் உப்பியிருந்தது. ஒன்றில் பழுப்பு நிறத்தில் கசிவு வேறு. அந்தக் காலத்து மதர்போர்டுகள் பலவற்றுக்கு இது பிறவிக் குறை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். மலையில் துணி அலமாரிக்குள் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு குண்டு பல்பை எரியவிடுவோம் இல்லையா, அதேபோல் பெட்டிக்குப் பக்கத்தில் 60 வாட் பல்பை அரை மணி நேரம் எரியவிட்டால் மட்டும் அது கண் திறந்தது. அந்த வைத்தியத்தில் மூன்று வாரம் ஓட்டினேன். தொழிற்சாலையில் எல்லோரும் சிரித்தார்கள். மாதப் பட்டியல் மட்டும் தேதி தவறாமல் வந்தது.

அப்போது எனக்குக் கிடைத்த அறிவுரையும் இதே இரண்டு வரிதான். புதுக் கணினி வந்தது. கணக்குக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்துவந்து திறந்தேன். எண்களெல்லாம் அப்படியே இருந்தன. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் டாலர் குறியும் தலையில் கொம்பு முளைத்த எழுத்துகளும் கலந்து ஒரே குப்பை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளில் ஒருவர் பெயரைக்கூடப் படிக்க முடியவில்லை.

காரணம் நம் தமிழ் எழுத்துருக்களின் பழைய கதை. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவில் தனக்குத் தோன்றிய இடத்தில் தமிழ் எழுத்தை வைத்தது. ஒருவருக்கு 'க' இருக்கும் இடத்தில் இன்னொருவருக்கு 'ஞ' இருக்கும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியீடுகளை ஏற்ற பிறகும் பழைய பழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை. எங்கள் மென்பொருளில் இருந்த எழுத்துரு அந்தக் கோவைக்காரரின் சொந்தக் கைவரிசை. எழுத்துருவை மட்டும் தேடி எடுத்துப் போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். போட்டேன், பெயர்கள் ஓரளவு தெரிந்தன. ஆனால் பட்டியல் போடுவது மென்பொருள், எழுத்துரு இல்லையே! அதை நிறுவப் போனால், ஏதோ ஒரு உதிரிக் கோப்பு இல்லை என்று அடம் பிடித்தது. நிறுவல் சிடியை எடுத்தால் அதன் மேல் பூஞ்சை வெள்ளைக் கோலம் போட்டிருந்தது. எழுதிக் கொடுத்தவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

என் அண்ணன் பேத்தி கோவையில் கணினிப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். அப்போது விடுமுறைக்கு வந்தவளிடம் புலம்பினேன். அவள் பெட்டியைப் பார்த்தாள், பல்பைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சின்னத் தாத்தா, கோப்பை எடுத்து என்ன பயன்? கணினியையே எடுத்துவிடலாம்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் ஏதேதோ சொன்னாள். கடைசியில் என் தொழிலை வைத்து நானே புரிந்துகொண்டேன். தேயிலை நாற்றைப் பாலித்தீன் பையில் வளர்க்கிறோம். நடும்போது வேரை அலசி எடுத்து நட்டால் பட்டுப்போகும். பையை மட்டும் கிழித்துவிட்டு, வேரைச் சுற்றிய மண் உருண்டை உதிராமல் குழியில் இறக்க வேண்டும். கோப்பை மட்டும் நகலெடுப்பது வேரை அலசுவது. மென்பொருள், எழுத்துரு, விசைப்பலகை அமைப்பு, பிரிண்டரோடு பேச உதவும் இயக்கி நிரல், பதினைந்து இடத்தில் ஒளிந்திருக்கும் அமைப்புக் குறிப்புகள், இவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் விண்டோஸ் என்று ஹார்ட் டிஸ்க்கில் உள்ள அத்தனையையும் ஒரு பிட் விடாமல் ஒரே பெரிய கோப்பாக எடுத்து, புதுக் கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியை உண்டாக்கி, அந்தக் கோப்பையே அதற்கு ஹார்ட் டிஸ்க்காகக் கொடுத்துவிடலாம். மெய்நிகர் கணினி என்பது பெட்டியில்லாக் கணினி. பிராசஸர், டிஸ்க், திரை எல்லாம் இருப்பதாக ஒரு மென்பொருள் பாவனை காட்டும், உள்ளே இருக்கும் விண்டோஸ் அதை நம்பி ஓடும். இது நேற்று வந்த வித்தையும் இல்லை. ஐபிஎம் 1972-லேயே தன் பெரிய கணினிகளுக்கு விஎம் 370 என்ற பெயரில் இதை வெளியிட்டது. வீட்டுக் கணினிகளுக்கு 1999-இல் விஎம்வேர் கொண்டுவந்தது. நாங்கள் பயன்படுத்தியது விர்ச்சுவல்பாக்ஸ், இலவசம்.

அந்த வேலை நடந்த இரவை நான் மறக்க மாட்டேன். பெட்டியிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி, அவள் வாங்கி வந்த ஒரு கம்பி வழியாகத் தன் மடிக்கணினியின் யுஎஸ்பியில் மாட்டினாள். டிஸ்க்குக்குத் தனியாக மின்சாரம் வேண்டும், அதற்கு ஒரு அடாப்டர். லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் டிடிரெஸ்கியூ என்ற நிரலை ஓட்டினாள். அது புத்திசாலி நிரல். முதல் சுற்றில் ஒழுங்காகப் படிக்க முடிந்த இடங்களை மளமளவென்று அள்ளிக்கொள்ளும். கெட்டுப்போன இடம் வந்தால் அங்கேயே நின்று மல்லுக்கட்டாமல் தாண்டிப் போய்விடும். பிறகு திரும்பி வந்து அந்த இடங்களைப் பொறுமையாகச் சுரண்டும். எதை எடுத்தேன், எதை விட்டேன் என்பதை ஒரு சிறு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். நாற்பதில் பெரும்பகுதி ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. மீதியைச் சுரண்டும்போது டிஸ்க் 'டிக், டிக்' என்று பல்லி சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே இருந்தது.

இரவு பதினொன்றேகாலுக்கு மின்சாரம் போனது.

மடிக்கணினிக்கு பேட்டரி இருந்தது. டிஸ்க்கின் அடாப்டருக்கு இல்லை. டிக் ஓசை நின்றது, டிஸ்க் சுழன்று ஓயும் மெல்லிய முனகல் கேட்டது, அப்புறம் ஓட்டுக்கூரையில் மழை மட்டும். பதிமூன்று வருடக் கணக்கும் போயிற்று என்று நான் தலையில் கை வைத்துவிட்டேன். அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "கரண்ட் வந்ததும் எழுப்புங்கள்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனாள். மூன்று மணிக்கு வந்தது. அதே கட்டளையை மறுபடி கொடுத்தாள். வரைபடக் கோப்பைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து அது தொடர்ந்தது. விடியும்போது எடுக்க முடியாமல் நின்றது சில கிலோபைட்தான். எங்கள் நல்லகாலம், அது கணக்கில் விழவில்லை.

எடுத்த நகலை விர்ச்சுவல்பாக்ஸுக்கு ஏற்ற வடிவுக்கு மாற்றினாள். காலியிடம் சுருங்கியதால் 40 ஜிபி 17 ஆனது. பொத்தானை அழுத்தினோம். விண்டோஸ் சின்னம் வந்தது. அடுத்த கணம் நீலத் திரை. ஏழு, பி என்று முடியும் ஒரு பிழை எண். விண்டோஸ் தொடங்க வேண்டிய டிஸ்க்கை எட்ட முடியவில்லை என்று அதற்கு அர்த்தமாம்.

பெயர்த்து நடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கைவிடுகிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். எக்ஸ்பி தான் பிறந்த மதர்போர்டின் டிஸ்க் கட்டுப்படுத்தியை, அதாவது டிஸ்க்கை இயக்கும் சில்லை, மட்டுமே அறியும். எங்களுடையது வேறொரு கம்பெனியுடையது, விர்ச்சுவல்பாக்ஸ் காட்டிய பாவனையோ இன்டெல். தொடங்கும் அந்த நொடியில் சரியான இயக்கி கையில் இல்லையென்றால், தான் உட்கார்ந்திருக்கும் டிஸ்க்கையே அதனால் படிக்க முடியாது. பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே, நகல் எடுப்பதற்கு முன், டிவைஸ் மேனேஜரில் போய் அந்தக் கட்டுப்படுத்தியின் இயக்கியைப் பொதுவான வகைக்கு மாற்றிவிட்டால் இந்த வம்பு வராது. எங்களுக்கு அது தெரிந்தது நகல் எடுத்த பிறகு. சாகக் கிடந்த டிஸ்க்கைத் திரும்ப மாட்ட அவளுக்கு மனமில்லை. நகலையே தன் மடிக்கணினியில் இன்னொரு டிரைவ்போலத் திறந்து, எக்ஸ்பியின் அமைப்புக் குறிப்பேடான ரெஜிஸ்ட்ரியை வெளியிலிருந்து ஏற்றி, இன்டெல் கட்டுப்படுத்திக்கு உரிய பதிவுகளைச் சேர்த்தாள். வேண்டிய இயக்கிக் கோப்பு எக்ஸ்பியின் உள்ளேயே ஒரு சுருக்கப் பொட்டலத்தில் இத்தனை வருடமும் சும்மா கிடந்திருக்கிறது. அதைப் பிரித்து உரிய இடத்தில் வைத்தாள். மெய்நிகர் கணினிக்குப் பிராசஸர் ஒன்று போதும் என்று குறைத்தாள்.

மறுபடி பொத்தான். இந்த முறை எக்ஸ்பியின் அந்தப் பழைய தொடக்க இசை வந்தது. பின்னால் முதலாளி 2006-இல் வைத்த வால்பேப்பர், அவருடைய பேரன் தேயிலைக் கூடைக்குள் உட்கார்ந்திருக்கும் படம். மேசைத்திரையின் மூலையில் 'மறக்காதே' என்று ஒரு கோப்பு. நான் அதுவரை அதைத் திறந்ததில்லை. என்னோடு வேலை பார்த்து, இடையிலேயே மாரடைப்பில் போய்விட்ட நண்பர் எழுதி வைத்தது. "318-க்கு உர முன்பணம் 500 இன்னும் பிடிக்கவில்லை, மகள் கல்யாணம் முடியட்டும்." அவ்வளவுதான். பென் டிரைவில் வேண்டிய கோப்புகளை எடுத்த அன்று, இந்தக் கோப்பு வேண்டிய கோப்பாக எனக்குத் தோன்றியிருக்காது.

உறுப்பினர் எண் 318-ஐத் தட்டினேன். தமிழில் பெயர் வந்தது.

உண்மையை மறைக்காமல் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருந்த வைரஸ் இரண்டும் கூடவே குடிவந்தன. வீட்டைப் பெயர்த்தால் பல்லியும் வரும். அதனால் மெய்நிகர் கணினியின் இணைய இணைப்பை நிரந்தரமாகத் துண்டித்துவிட்டோம். 2014 ஏப்ரலோடு எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன, அதை இணையத்தில் விடுவது கதவில்லாத வீட்டில் நகையை வைப்பது போல. பேரலல் போர்ட் என்ற பழைய வகைச் சொருகியில் மாட்டிய பிரிண்டர் பேசவில்லை. பட்டியலைக் கோப்பாக எடுத்து வெளிக் கணினியிலிருந்து அச்சிடுகிறோம். மென்பொருளுக்குப் பூட்டாகப் பேரலல் போர்ட்டில் சாவி என்ற சிறு கருவியைச் செருகி வைத்திருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். யுஎஸ்பி சாவி என்றால் பெரும்பாலும் மெய்நிகர் கணினிக்குள் அனுப்பிவிடலாம். இன்னொன்று, வன்பொருள் அடியோடு மாறிவிட்டதைக் கண்ட எக்ஸ்பி, மூன்று நாளைக்குள் மறுபடி உரிமத்தை உறுதிசெய்யச் சொன்னது. எங்கள் முதலாளி தனிப்பெட்டியில் வந்த விண்டோஸை ரசீதோடு வாங்கியிருந்ததால் தப்பித்தோம். கணினியோடு சேர்ந்து வரும் உரிமம் பொதுவாக அந்தப் பெட்டியோடே கட்டுண்டது. உங்கள் கடைக்கார வாசகர் முதலில் அதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அவர் வேலை என்னுடையதைவிட எளிது. அவர் கணினி இன்னும் உயிரோடு இருக்கிறது. மைக்ரோசாப்டின் சிஸின்டர்னல்ஸ் தொகுப்பில் டிஸ்க்2விஹெச்டி என்று ஒரு சின்ன இலவச நிரல் இருக்கிறது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் டிஸ்க்கை முழுதாக ஒரு மெய்நிகர் டிஸ்க் கோப்பாக்கித் தரும். கோப்பை அதே டிஸ்க்கில் எழுதாமல் வெளி டிஸ்க் ஒன்றில் எழுத வேண்டும். பிட்லாக்கர் என்ற மறையாக்கப் பூட்டு போட்டிருந்தால் முதலில் அதை எடுத்துவிட வேண்டும். கணினி யுஇஎஃப்ஐ என்ற புது முறையில் தொடங்குவதாக இருந்தால் மெய்நிகர் கணினியிலும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நீலத் திரைச் சண்டை புது விண்டோஸில் எக்ஸ்பி அளவுக்கு இல்லை. மெய்நிகர் கணினிக்குள் போனாலும் விண்டோஸ் 10 விண்டோஸ் 10-தான், ஆதரவு திரும்பி வராது. பில் போட மட்டும் வைத்துக்கொண்டு, இணையத்துக்கு வெளிக் கணினியைப் பயன்படுத்தட்டும். மெய்நிகர் கணினி பத்து நாளாவது தகராறில்லாமல் ஓடிய பிறகு பழைய பெட்டியைத் தொடட்டும், அதற்கு முன் வேண்டாம்.

இதனால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று. நான் ஓய்வு பெற்றபின் இரண்டு ஆண்டு கழித்துத் தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டார்கள். அண்ணன் தம்பி இருவர் வந்திருந்தார்கள். அப்பா இறந்துவிட்டார், தோட்டத்தைப் பிரிக்க வேண்டும். 2009-இல் அப்பா வாங்கிய உர முன்பணத்தைத் தன் பங்கு இலையில்தான் கழித்ததாகத் தம்பி சொல்ல, அண்ணன் ஒப்பவில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பெஞ்சின் இரு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வருடப் பேரேடு கிடையாது, கணினிதான். புதுப் பையன் மடிக்கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தான். இசை, வால்பேப்பர், பிறகு அந்தச் சாம்பல் நிற ஜன்னல். எண்ணைத் தட்டினேன். மாதவாரியாக எடை, கழிவு, பிடித்தம் எல்லாம் வந்தது. அண்ணன் எழுந்து வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரையில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஜூலையில் விரல் நின்றது. தம்பி எண்ணில்தான் பிடித்தம். "சரி ஐயா, பட்டியலை எடுத்துக் கொடுங்கள்" என்றார், அவ்வளவுதான். தம்பி பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.

இப்போது மலையெங்கும் கணினி மாற்றும் காலம். போன மாதம் ஓர் அலுவலகத்தின் தாழ்வாரத்தில் ஏழெட்டுப் பெட்டிகள் மழைச் சாரலில் நனைந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். பழைய இரும்புக்குப் போகிறதாம். டிஸ்க்குகளைக் கழற்றினீர்களா என்று கேட்டேன். வேண்டியதை எடுத்துவிட்டோம் என்றார் அங்கிருந்தவர், உங்கள் பதிலாளரின் அதே குரலில். எது வேண்டியது என்று முடிவு செய்தவர் யார் என்று கேட்க நினைத்தேன், பஸ் வந்துவிட்டது.

வரும் ஞாயிறு அந்தப் பகுதியில் இடமிருந்தால், இரண்டு வரிப் பதிலை நான்கு வரியாக்கித் திருத்தம் போடுங்கள். மெய்நிகர் கணினியாக மாற்றிக்கொள்ள ஒரு வழி உண்டு என்பதையும், பழைய பெட்டியை விற்கும் முன் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடமில்லையென்றால் வேறு எதையாவது வெட்டுங்கள், ராசிபலன் நீளமாகத்தான் வருகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.